கை வைக்காத கைவைத்தியம்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கதோஷம். ஆனால் உன் நலம் எனக்கு நன்றாகவே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டு, ஆளை விட்டு என்னைக் கூப்பிடச் சொல்லி, "ஓட்டல் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்க மாட்டேங்குதுங்கம்மா, கோகிலாவ எப்பத்தான் அனுப்பறீங்க?" என்று கேட்டாயே, அந்தக் குரலிலேயே நீ சவுக்கியமாக இருப்பது தெரிந்துவிட்டது. உன் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதா, இடுப்பு வலி குறைந்ததா, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை. நான்தான் போனை வைத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, ஊர்ல எதாச்சும் கெட்ட சேதிங்களா?" என்றார். ஆமாம் என்றுதான் சொல்லத் தோன்றியது.

இதை நான் ஒட்டின கவரில் அனுப்பப் போவதில்லை. நான் வாங்குகிற வாரப் பத்திரிகையில், கோடைக்கால உபாதைகளுக்கு வீட்டுப் பொருட்களை வைத்தே செய்யும் வைத்தியக் குறிப்புகளை வாசகிகள் எழுதி அனுப்பலாம் என்று போட்டிருந்தார்கள். நானும் ஆசையாக உட்கார்ந்தேன். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் என்று முதல் குறிப்பை எழுதினேன். அடுத்தது நீர்க்கடுப்பு. அந்தச் சொல்லை எழுதியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்கு மேல் எழுதியதெல்லாம் உனக்கு எழுதியதாகவே வந்தது. சரி, இதையே அவர்களுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீ ஊரெல்லாம் என் பெயரைச் சொல்லி வைத்தியம் பார்த்தவன். அதற்கு நான் சொல்கிற பதிலும் ஊரறிய இருக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை, பயப்படாதே. உன் பெண்டாட்டியின் பெயரையும் மாற்றிவிட்டேன். என்ன பெயர் வைக்கட்டும் என்று அவளையே கேட்டேன், கோகிலா என்றாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒரு நன்றாகப் பாடுகிற பெண்ணின் பெயராம்.

நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நீ நினைப்பாய். நீயும் அந்த வீட்டில்தானே இருந்தாய். ஆனால் நீ எதைப் பார்த்தாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். சித்திரை பிறந்த கையோடு அவளுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆரம்பித்திருக்கிறது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுப் பட்டு, கடைசியில் நீ சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற நேரமாகப் பார்த்து, "ஏனுங்க, எனக்கு சூடு புடிச்சுக்கிட்டாப்பல இருக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். நீ துண்டில் கை துடைத்துக்கொண்டே, "தொப்புள்ள கொஞ்சம் வெளக்கெண்ண வெய்யி. சீரகத் தண்ணி குடி. எங்கம்மா இதுக்கெல்லாம் டாக்டர்கிட்டப் போனதே கெடையாது" என்று சொல்லிவிட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். விளக்கெண்ணெய் பாட்டில் எங்கே இருக்கிறது என்று கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் தேடி எடுத்து வைத்துக்கொண்டாள்.

எரிச்சல் நிற்கவில்லை. அடிவயிறு வலித்தது. பிறகு முதுகில், விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக வலி ஏறியது. அதையும் சொல்லியிருக்கிறாள். "சூடு முத்திப்போச்சு, எளநி வாங்கிக் குடி" என்றாயாம். வாங்கிக் குடி என்றாய், வாங்கி வருகிறேன் என்று சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில் அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, "இன்னைக்கு லீவு போட்டுக்க, நல்லாத் தூங்கு, எங்கம்மா சொல்ற மாதிரி மோர் நெறையாக் குடி" என்று சொல்லிவிட்டு நீ கம்பெனிக்குப் போய்விட்டாய். பக்கத்து வீட்டு ஜைனம்பு, இரவல் வாங்கிய இட்லிக் குண்டானைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே உன் பெண்டாட்டி, நான் கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்த சென்னிமலைப் போர்வை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்கக் கிடந்தாள். ஜைனம்பு குண்டானைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் கையை வைத்தாள். அவ்வளவுதான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கிருந்து அதே மளிகைக் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்கம்மா, பதட்டப்படாதீங்க. உங்க மருமகளுக்கு கிருமி கிட்னி வரைக்கும் ஏறிப்போச்சுன்னு சொல்றாங்க. ஊசி போட்டுப் படுக்க வெச்சிருக்கறாங்க. இன்னுங் கொஞ்சம் தாமசம் பண்ணியிருந்தா ரத்தத்துல கலந்திருக்குமாம். நீங்க பொறப்பட்டு வந்துருங்க" என்றாள். தாராபுரத்திலிருந்து கோயமுத்தூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்கார முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைப் பார்த்தபோது நீ என்னிடம் சொன்ன முதல் வார்த்தை எனக்கு மறக்காது. "நீங்க சொல்ற வைத்தியந்தானுங்கம்மா செஞ்சோம். எப்பிடி இப்பிடி ஆச்சுன்னே தெரியலீங்க." அங்கே நர்சு நின்றுகொண்டிருந்தாள், கோகிலாவின் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவர்கள் இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏதோ பட்டிக்காட்டு மூட வைத்தியம் சொல்லிக் கொடுத்து மருமகளைச் சாகக் கொடுக்க இருந்தவள் என்பது போல. உன்னை அங்கேயே ஓங்கி அறைந்திருப்பேன். கோகிலா கண்ணை மூடிக்கொண்டு குளுக்கோஸ் ஏறும் கையோடு படுத்திருந்தாள், அவளுக்காக விட்டேன். ஆஸ்பத்திரியில் அனுப்பியதும் அவளை நேராக இங்கே தாராபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கம்மா டாக்டரிடம் போனதே கிடையாது என்று எல்லோரிடமும் சொல்கிறாயே, இன்றைக்கு நான் உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ மூன்றாம் வகுப்பு படித்த கோடை விடுமுறையில், அமராவதி வறண்டு மணலாகக் கிடந்தது. நீயும் உன் கூட்டாளிகளும் உச்சி வெயிலில் அந்த மணலில் கிரிக்கெட் ஆடினீர்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். தலை சுற்றி விழுந்துவிட்டான் என்றார்கள். நானும் முதலில் சாதாரண மயக்கம் என்றுதான் நினைத்தேன். மோர் கரைக்க உள்ளே போகும்முன் உன் நெற்றியில் கை வைத்தேன். கழுத்தில் வைத்தேன், சட்டைக்குள் விட்டு நெஞ்சில் வைத்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. அந்த வெயிலில் விளையாடிவிட்டு வந்த பையனுக்கு உடம்பு காய்ந்து கிடந்தது. நீ என்னைப் பார்த்து யாரோ டீச்சர் பெயரைச் சொல்லி என்னவோ உளறினாய். மோரை அப்படியே விட்டேன். சேலையை நனைத்து உன் மேல் சுற்றி, பால் வண்டியை மறித்து ஏற்றி, ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் விசிறிக்கொண்டே போனேன். உன் அப்பா சந்தைக்குப் போயிருந்தார், அவர் வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. உனக்கு இது ஞாபகம் இருக்காது. உனக்கு நினைவே இல்லாத நேரம் அது. நினைவு வந்து வீட்டுக்கு வந்தபிறகு நான் கொடுத்த மோர் மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, மோர் கொடுத்தே எங்கம்மா என்னைப் பிழைக்க வைத்தாள் என்று இருபது வருஷமாகப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாய்.

கைவைத்தியம் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லில் முதலில் என்ன இருக்கிறது? கை. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்வது என்று மற்றவர்கள் அர்த்தம் சொல்லலாம், அது அவர்கள் பாடு. எனக்குத் தெரிந்த அர்த்தம், கையை வைத்துப் பார்த்துவிட்டுச் செய்வது. உனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்தபோது நுங்கைத் தோண்டி, அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்துத் தடவினேன். தடவும்போதே எது வேர்க்குரு, எது சீழ் வைக்கப் போகிற கட்டி என்று விரலுக்குத் தெரியும். கட்டிக்கு மஞ்சளும் சந்தனமும் இழைத்துப் போட்டேன், போட்ட கையோடு சுற்றிச் சிவப்பு பரவுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்த்தேன். வயிற்றுப்போக்குக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன், ஊட்டிக்கொண்டே வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன். கிள்ளின இடம் உடனே சமமாகிவிட்டால் வீட்டில் சமாளிக்கலாம், அப்படியே நின்றால் ஆஸ்பத்திரி. வெயிலில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் முன்னால் குனிய வைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண் எரிச்சலுக்கு வெள்ளரிக்காய் வைத்தேன், பீளை தள்ளினால் வெள்ளரிக்காயைத் தூக்கி எறிந்துவிட்டு டாக்டரிடம் போனேன். இதில் சாமானெல்லாம் சமையல்கட்டில் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். அதில் ஒரு வித்தையும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்ததுதான் வைத்தியம். நீ என்னிடமிருந்து சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நம் பக்கத்துச் சொல் ஒன்று இருக்கிறதே, சூடு, அதன் மேலும் எனக்கு இப்போது கோபம் வருகிறது. கண் சிவந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, வயிறு இழுத்துப் பிடித்தால் சூடு. பெண்டுகள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான் போர்வை. அவள் சூடு என்று சொன்னால் அது உன்னிடம் சொல்லக்கூடிய அளவுக்கு அவள் சுருக்கிச் சொன்னது. எங்கே எரிகிறது, எப்போதிருந்து, காய்ச்சல் அடிக்கிறதா, குளிர் நடுக்குகிறதா என்று கேட்டு அந்தப் போர்வையை விலக்குவதற்குத்தானே புருஷன் என்று ஒருவன் பக்கத்தில் படுத்திருக்கிறான்? நீர்க்கடுப்பு லேசாக ஆரம்பித்தவுடன் தண்ணீர் நிறையக் குடிக்கலாம், பார்லிக் கஞ்சி குடிக்கலாம், வெள்ளரிப் பிஞ்சு சாப்பிடலாம், மோரில் வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கலாம். ஒன்றிரண்டு நாளில் விடவில்லை என்றால் டாக்டர். காய்ச்சலோ நடுக்கமோ முதுகு வலியோ சேர்ந்துவிட்டால் ஒரு வேளை கூடத் தாமதிக்கக் கூடாது. தொப்புளில் வைத்த விளக்கெண்ணெய் சிறுநீரகத்துக்குப் போய்க் கிருமியை விரட்டாது. பத்திரிகைக்காரர்கள் இந்த ஒரு குறிப்பை மட்டும் போட்டாலும் எனக்குப் போதும்.

இன்னொன்று. "தண்ணி நெறையாக் குடின்னு எத்தன தடவ சொல்றது, கேக்கறாளா?" என்று அன்றைக்கு டாக்டரிடமே அவளைப் பற்றிப் புகார் சொன்னாய். அவள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒரு நாளாவது கேட்டாயா? நான் கேட்டேன். ஆர்.எஸ்.புரத்தில் அவள் நிற்கிற ஜவுளிக் கடையில், வேலைக்கு நிற்கிற பெண்களுக்குப் பின்பக்கம் ஒரே ஒரு கக்கூஸ். அதற்குப் பூட்டு. சாவி மேனேஜரிடம். முகூர்த்தக் கூட்டத்தில் சாவி கேட்டால், அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாராம். அதனால் அந்தப் பெண்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை தொண்டையை நனைப்பதோடு சரி. பட்டுச் சேலையைத் தோளில் போட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டே, நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சரி, வீட்டிலாவது? நீங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கிற கக்கூசுக்குக் காலையில் நீ பேப்பரை எடுத்துக்கொண்டு முதலில் போகிறாய். நீ வெளியே வருவதற்குள் அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. இதைச் சொல்லும்போது கோகிலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டுச் செய்தி வரை படித்துவிட்டுத்தான் வருவாயாமே.

இந்தக் கோடையில் உன் பிடரியில் ஒரு கட்டி வந்ததே, அதற்கு என்ன செய்தாய்? மஞ்சளும் சந்தனமும் இழைத்தாயா? அரை நாள் லீவு போட்டு, அதே ஆர்.எஸ்.புரத்தில் ஏசி வைத்த தோல் டாக்டரிடம் போய், ஊசி போட்டுக்கொண்டு வந்தாய். தப்பில்லை. வலித்தால் போகத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு உன் 'எங்கம்மா' எங்கே போனாள்? உனக்கு வலித்தால் டாக்டர், அவளுக்கு வலித்தால் எங்கம்மா. சாமான்கள் மேல் உனக்கு நம்பிக்கை இருந்து நீ அவளுக்கு வைத்தியம் சொல்லவில்லை. எழுந்து போகச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு என் பெயரை வைத்துவிட்டாய். எனக்கு ஆறவே ஆறாதது அதுதான்.

இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிற தாய்மார்கள் இந்த இடத்துக்கு வந்ததும், என் வளர்ப்பில்தான் குறை, நான்தான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் அதைச் செய்யப் போவதில்லை. உனக்கு வலித்தபோதெல்லாம் என் கை உன் மேல் இருந்தது. அதை விடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. நீ வாங்கிக்கொண்டாய், கொடுக்கவில்லை. அது உன் குறை. கழுதை மாதிரி வளர்ந்து மீசையும் வைத்த பிறகு அதை என் தலையில் கட்டாதே.

கோகிலா இப்போது தேறி வருகிறாள். மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிறேன், குடிக்கத் தண்ணீரும் மோரும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறது, கொல்லைப்புறக் கக்கூசுக்கு இங்கே பூட்டு இல்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். காய்ச்சல் திரும்ப வருகிறதோ என்று பார்க்க, தூங்குகிறவளின் நெற்றியில் கையை வைத்தேன். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "சூடு இல்லீங்கத்தை. எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் எந்திரிச்சுப் பாத்தரத்தக் கழுவிப்போடறனுங்க" என்று சேலையைச் சரி செய்தாள். "ஒண்ணும் வேண்டாம் அம்மணி, சும்மா பாத்தேன், படு" என்றேன்.  அவள் படுத்து, விலக்கின என் கையைத் தானே எடுத்து மறுபடியும் நெற்றியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டே, "நல்லா இருக்குதுங்கத்தை, கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கட்டுங்க" என்றாள். அவள் உன் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. நான் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். உன்னை நினைத்து வயிறு எரிந்தது. அதற்கு எந்த எண்ணெயும் கிடையாது.

எப்பத்தான் அனுப்பறீங்க என்று கேட்டாயே, அவள் நான் அனுப்புகிற பார்சல் இல்லை. போகலாமா என்று அவளிடம் கேட்டேன். "அவரு வரட்டுங்க, பாக்கலாங்க" என்றாள். அந்தப் பார்க்கலாம் என்ற வார்த்தையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. போகமாட்டேன் என்று அவள் சொன்னால் அவள் இங்கேயே இருப்பாள், இந்த வீடு அவளுக்குப் போதும். அதனால் நீ புறப்பட்டு வா. இளநீர் குலை, ஆப்பிள், ஹார்லிக்ஸ் எதுவும் வாங்கிக்கொண்டு வராதே. என்னிடம் சமாதானம் பேச வராதே. பைப்பில் கைகால் கழுவிவிட்டு நேராக அவளிடம் போ. என்ன செய்கிறது என்று கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேள். பிறகு அவள் நெற்றியில் கையை வை. அவள் உன் கையைப் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டால் உள்ளே வா, சோறு போடுகிறேன். தட்டிவிட்டாள் என்றால், தாராபுரத்திலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
கோகிலாவின் அத்தை